கடலை ஒளித்துவைத்த ஊர்

எண்ணூர் சாலையில் வரிசைகட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகள் 'புஸ்'ஸென்று பிரேக் காற்றை விடும்போதெல்லாம் என் பல்லில் மணல் கடிபடுகிறது. எங்கள் கரை மணல் அல்ல. ராஜஸ்தான் மணல், மாவு மாதிரி, மூடிய வாய்க்குள்ளும் வழி கண்டுபிடிக்கிற மணல்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அண்ணன் அந்தப் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் தட்டில் விழுந்த வஞ்சிரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ரசம் போதும் என்றான். திருவொற்றியூர்க் குப்பத்தில், கடலுக்குப் போகிற வீட்டில், பிள்ளை மீன் வேண்டாமென்றால் டாக்டரிடம் ஓடுவார்கள். அம்மா ஓடவில்லை. யோசித்தாள். பரீட்சை முடிந்ததும் என்னைத் தூக்கி லாரியில் அவன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"பாப்பாவும் நாலு ஊரு பாத்துட்டு வரட்டும்டா," என்றாள் அவனிடம். என் காதில் சொன்னது வேறு: "யார் வூட்ல சாப்டறான்னு கண்ணு வெச்சிகினே இரு."

ஒன்பது வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். டீ கொடுத்தவனைச் சந்தேகப்பட்டேன். டயருக்குக் காற்றடித்தவனைச் சந்தேகப்பட்டேன். அண்ணன் யாரிடமாவது இந்தியில் சிரித்தால், கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்துவைத்தேன்.

ஊர்கள் தீர்ந்து, மரங்கள் தீர்ந்து, கடைசியில் மணல் மட்டும் மிச்சமிருந்தது. கரை இருக்கிறது, கடலைக் காணோம். இதிலும் அண்ணனின் கைவேலை இருப்பதாகப் பட்டது.

"அண்ணா, கடல எங்க காணோம்?"

"வெயிலுக்கு உள்ள போய் படுத்துகினு கீது. கத்தாத, எய்ந்துக்கும்."

தார்ச்சாலையில் தூரத்தில் தண்ணீர் பளபளத்தது. கிட்டே போனால் விலகிப்போனது. அண்ணனிடம் கேள்வி கேட்டாலும் அதே கதைதான்.

ஒரு மத்தியானம் சாலையோரத்து மண்வீட்டின் முன் வண்டியை நிறுத்தினான். "தெரிஞ்சவங்க வூடு," என்றான். வாசல் குட்டை. பார்க்காமலே குனிந்தான். பானை எங்கே என்று கேட்காமலே போய்த் தண்ணீர் மொண்டு குடித்தான். முக்காடு போட்ட ஒரு பெண், செருப்போடு வந்ததற்கோ என்னவோ, அவனைத் திட்டினாள். மொழி புரியவில்லை. ஆனால் எங்கள் தெருவில் புருஷன்களுக்கு விழுகிற திட்டின் ராகம் எனக்குத் தெரியும். பிறகு என் பக்கம் திரும்பி, நெய் தடவிய ரொட்டியை நீட்டி, "சாப்டு பாப்பா" என்றாள். அதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? வீட்டை மூலைமூலையாக மோந்து பார்த்தேன். மீன் வாசனை எங்குமில்லை. எனக்கு அது போதும்.

திரும்பும் வழியெல்லாம் காத்திருந்தேன். சொல்லாதே என்பான், மிட்டாய் வாங்கித் தருவான். அவன் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடச் சந்தேகமாக இருந்தது.

தெருமுனையில் வண்டி நின்றது. என்னை இறக்கிவிட்டான், அவன் இறங்கவில்லை. அவ்வளவு பெரிய வண்டியை அத்தனை மாநிலம் தாண்டி ஓட்டிவந்தவனுக்கு, நாலு வீடு நடந்துவர ஏன் கால் வரவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. இன்னொரு தந்திரம் என்றே நினைத்தேன்.

"நீ வர்ல?"

"நீ பாத்தத அப்டியே அம்மாண்ட சொல்லிடு பாப்பா," என்றான், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே. "சொல்லிட்டு, அண்ணன் உள்ள வரலாமான்னு கேட்டுகினு வா. நான் இங்கயே குந்திகினு கீறேன்."