ப்ரியம்வதாவின் கணக்கில் விட்டுப்போன ஆன்ட்டி

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் என் தோழி ப்ரியம்வதா எதற்கும் கணக்குப் போடுவாள். தோசை மாவை வீட்டில் அரைத்தால் லாபமா, வாங்கினால் லாபமா என்பதற்கே எக்செல் வைத்திருப்பவள். வேலையும் அதுதான். அரசு உதவியில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்குப் பயிற்சியும் டேகேர் உதவியும் தந்து வேலைக்கு அனுப்ப ஒரு திட்டம் உண்டு. அதில் போடும் பணத்துக்குப் பலன் இருக்கிறதா என்று அளந்து சொல்ல வேண்டும். விவாகரத்தான அவளும் நான்கு வயது ரக்ஷாவைத் தனியாகத்தான் வளர்க்கிறாள். அது மட்டும் அவளுக்கு ஞாபகம் வராது.

இந்த வருட அறிக்கையில் எழுதியிருந்தாள்: பயிற்சி தொடரட்டும், டேகேர் உதவியை நிறுத்தலாம், பிள்ளைகளை அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள், அதற்குச் செலவு பூஜ்யம். வெள்ளிக்கிழமை அது போய்ச் சேர்ந்தால் முந்நூறு தாய்மார்கள் டேகேரை இழப்பார்கள்.

அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் அங்கிளோடு இருக்கும் ராஜராணி ஆன்ட்டி, யாழ்ப்பாணத்துக்காரர், மூன்று வருடமாக ரக்ஷாவைப் பார்த்துக்கொள்கிறார். பணம் நீட்டினால் கோபித்துக்கொள்வார். நம்மவர்கள் காசு வாங்காவிட்டால் அது செலவே இல்லை என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

திங்களன்று ஆன்ட்டி மகளின் பிரசவத்துக்கு டொரொன்டோ போனார். அன்று மீட்டிங் முழுக்க ரக்ஷா ப்ரியம்வதாவின் மடியில் இருந்தாள். செவ்வாய் லீவு போட்டாள். புதன்கிழமை மேனேஜர், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அன்பாகக் கேட்டார். அந்த அன்பில் பயந்துபோய் என் வீட்டுக்கு வந்தாள்.

"மூணே நாள்ல என் ஜாப் ஆடுதுடி. அந்த அம்மாங்கள்லாம் எப்படி மேனேஜ் பண்ணுவாங்க?"

"உன் எக்செல்லைக் கேளு."

அவள் சிரிக்கவில்லை. எனக்கே பாவமாகிவிட்டது.

அன்றே உட்கார்ந்து, பிள்ளை பார்க்கும் நேரத்துக்கும் விலை போட்டு ஒரு புது வரிசை சேர்த்தாள். சரிபார்க்க முதலில் ராஜராணி ஆன்ட்டியின் மணிநேரங்களைப் போட்டாள். ஒரு வருடத் தொகை அவளுடைய ஒரு வருட வீட்டு வாடகையைத் தாண்டியது. வெள்ளிக்கிழமை, டேகேர் தொடர வேண்டும் என்ற அறிக்கைதான் போனது.

சனிக்கிழமை டொரொன்டோவுக்குப் போன் செய்து தொகையைச் சொன்னாள். காசு பேசியதற்குத் திட்டு விழப்போகிறது என்று நினைத்தாள்.

"அந்தக் கணக்கை ஒரு கொப்பி எடுத்து அங்கிளுக்கு அனுப்பும் பிள்ளை" என்றார் ஆன்ட்டி. "நான் வீட்டில சும்மா இருக்கிறன் எண்டுதான் அவர் முப்பது வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறார்."