பக்கத்து அறையில நாங்க போட்ட சத்தம்

என்ட மகளுக்கு அந்த இடம் கிடைக்கிற வாய்ப்பு எவ்வளவு எண்டு கேட்டதுக்கு, அவளைப் பெத்த தகப்பனே "சைபர், ஒண்டுமே இல்லை" எண்டு சொன்னார். போன வருஷம் ஒக்டோபர் மாசம், எங்கட சாப்பாட்டு மேசையில வச்சு. அவள் பிட்டுக் கோப்பையை அப்படியே வச்சிட்டு எழும்பிப் போயிட்டாள். நானும் அழுதிட்டன்.

தேற்றாத்தீவு சபை சனத்துக்கு என்ட அன்பு. ஆண்டவர் செய்ததைச் சொல்லத்தான் கல்லடியில இருந்து பஸ் ஏறி வந்திருக்கிறன். எனக்குச் சுருக்கமாக் கதைக்கத் தெரியாது, அதை முதலே சொல்லிப் போடுறன். நான் தையல்காரி. மெசின் ஓடிக்கொண்டே இருக்கும், அதுக்கு மேலால வாயும் ஓடும்.

எங்கட வீட்டுக்காரர் உயர்தரத்துக்குக் கணக்குப் படிப்பிக்கிற சேர், நானும் அவரைச் சேர் எண்டுதான் சொல்லுறது. கல்லடிப் பக்கம் அவருக்கு 'வெட்டுப்புள்ளி சேர்' எண்டு ஒரு பட்டம் இருக்கு. ரிசல்ட் வந்த அண்டைக்கு எங்கட கேற்றைப் பூட்டேலாது. பிள்ளைகளும் தாய் தகப்பனுமா வந்து நிப்பாங்க. பிள்ளைக்கு வந்த இசட் ஸ்கோரைச் சொன்னால் போதும், பல்கலைக்கழகத்துக்கு எடுக்கேக்க மட்டக்களப்பு மாவட்டத்துக்குப் போன முறை எந்தப் புள்ளியில வெட்டினது, அதுக்கு முந்தின முறை எதில வெட்டினது எண்டு தலைக்குள்ளேயே கூட்டிப் பார்த்து, "மெடிசின் சரிவராது, விவசாயம் கிடைக்கும்" எண்டு சொல்லிடுவார். அவர் சொன்னது பிழைச்சதா ஞாபகம் இல்லை. அதாலதான் அந்த "சைபர்" எங்களை அப்படி நொறுக்கிப் போட்டது.

மகள் பேர் கெசியா. சின்ன வயசில இருந்தே வாவிப் பைத்தியம். மழைக்கு முதல் தண்ணி என்ன நிறம், மழைக்குப் பிறகு என்ன நிறம் எண்டு போத்தல்ல பிடிச்சு வந்து ஜன்னல்ல அடுக்கி வைப்பாள். நான் கழுவி எண்ணெய் ஊத்தி வச்சால் சண்டைக்கு வருவாள். அந்தத் தண்ணியைப் பற்றித்தான் படிக்கோணும் எண்டு ஆசை. இங்க அவளுக்குக் கிடைச்சது வேற படிப்பு. அமெரிக்காவில ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில அவள் நினைச்ச படிப்பு இருக்காம், கெட்டிக்காரர் எண்டு கண்டால் முழுச் செலவும் அவங்களே பார்ப்பாங்களாம். ஆனா உலகம் முழுக்க இருந்து பிள்ளைகள் விண்ணப்பம் போடுறது. விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் எடுப்பாங்க.

அதில முன்கூட்டியே விண்ணப்பிக்கிற ஒரு வழி இருக்கு. ஒரே ஒரு இடத்துக்குத்தான் அப்படிப் போடலாம். கிடைச்சால் அங்கதான் போகோணும். மறுமொழி டிசம்பர்லேயே வந்திடும். சேர் ஒரு முடிவு சொன்னார்: டிசம்பர்ல ஓம் எண்டு வந்தால் போ, இல்லாட்டி ஜனவரியில வாயை மூடிக்கொண்டு இங்க கிடைச்சதுக்குப் பதிஞ்சிடு. அவளும் தலையாட்டினாள். ஆக, எங்களுக்கு இருந்தது அந்த ஒரு கதவுதான்.

கதவு எவ்வளவு திறந்திருக்கு எண்டு பார்க்கிறதுதான் பிறகு எங்கட வீட்டில தொழிலாப் போச்சு. இன்ரநெற்றில வாய்ப்புக் கணக்குப் பார்க்கிற இடங்கள் இருக்காம். புள்ளியைப் போட்டால் 'குறைவு' எண்டு சொல்லும். இவள் பேரை மாத்தி, நாட்டை மாத்தி, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். அதுவும் திரும்பத் திரும்பக் குறைவு எண்டுதான் சொல்லிச்சு. சேருக்கு அதைவிடப் பெரிய கவலை. அங்க இசட் ஸ்கோரும் இல்லை, வெட்டுப்புள்ளியும் இல்லை. அப்ப எதை வச்சு எடுக்கிறாங்க எண்டு கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போனார். ஒரு நாள் உண்மையாவே கேட்டார், மட்டக்களப்புக்கு ஏதும் கோட்டா வச்சிருப்பாங்களோ எண்டு. நான் சிரிச்சிட்டன். மனிசன் ரெண்டு நாள் என்னோட முகம் கொடுத்துக் கதைக்கல்ல.

நவம்பர்ல ஒரு மெசேஜ் வந்தது. அங்க படிச்சிட்டு இப்ப சிங்கப்பூர்ல வேலை செய்யிற ஒரு அம்மா, மகளோட வீடியோவில நேர்முகம் வைப்பாவாம். வெள்ளிக்கிழமை காலமை. சேருக்கு உயிர் வந்திட்டுது. பரீட்சை எண்டால் அவருக்குத் தெரியும்தானே. என்ன கேள்வி வரும் எண்டு எழுதி, மறுமொழியும் எழுதி, மகளைப் பாடமாக்க வச்சார். இங்க நாங்க எல்லாரும் அப்படித்தானே பாஸ் பண்ணினம். அவள் குளிக்கேக்கயும் ஒப்புவிச்சாள், முற்றம் கூட்டேக்கயும் ஒப்புவிச்சாள். கடைசியில மெசினில இருந்த எனக்கே அந்த இங்கிலிஸ் பாடமாகிப் போச்சு.

அந்த வெள்ளிக்கிழமை விடிய வெள்ளென மாரி மழை கொட்டத் தொடங்கினது. கரண்ட் போயிட்டுது. வைஃபை இல்லை. போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வீடு முழுக்க நடந்தாலும் சிக்னல் வரல்ல. மகளிட முகம் வெளிறிப் போச்சு. அப்பதான் எனக்கு எங்கட கல்லடிச் சபை ஞாபகம் வந்தது. சபையில ஜெனரேற்றர் இருக்கு, ஆராதனையை நேரலையாப் போடுறதுக்கு நல்ல லைனும் இருக்கு. நனைஞ்சு நனைஞ்சு ஓடினம். பாஸ்டர் ஐயா தன்ட அறையைத் திறந்து விட்டார்.

ஆனா வெள்ளிக்கிழமை எங்கட பெண்களிட உபவாச ஜெபம். மழை எண்டு ஒருத்தரும் நிக்கல்ல, எல்லாரும் வந்திட்டாங்க. அந்த அறைக்கும் எங்களுக்கும் இடையில ஒரு பலகைத் தட்டி மட்டும்தான். பாஸ்டர் ஐயா வந்து, "தங்கச்சிமார், இண்டைக்கு மெதுவா ஜெபியுங்க" எண்டு கும்பிடாத குறையாக் கேட்டிட்டுப் போனார்.

மெதுவாத்தான் தொடங்கினம். உண்மையா. வாய்க்குள்ள முணுமுணுத்தம். ஆனா எங்களோட ரூபி அக்கா இருக்கிறா. மார்க்கட்டில மீன் விக்கிறவ. அவ கூவினால் கல்லடிப் பாலத்துக்கு அங்கால நிக்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். என்ட கண்ணீரைக் கண்டதும் அவவுக்குத் தாங்கேலாமப் போச்சு. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு முன்னால நிக்கிற எல்லாத் தடையையும் எடுத்துப் போடும்!" எண்டு ஒரு சத்தம் வச்சா. அதுக்குப் பிறகு ஆரு பிடிக்கிறது? எல்லாரும் சத்தத்தில ஏறிட்டம். நானும்தான். கை தட்டி, தரையில அடிச்சு, ஒரு இடைஞ்சலும் வரக் கூடாது, ஒரு சத்தமும் குழப்பக் கூடாது எண்டு தொண்டை கிழியக் கத்தினம்.

கொஞ்ச நேரத்தால கதவு திறந்தது. மகள் நிண்டாள். காது ரெண்டும் சிவந்து போய் இருந்தது.

"அம்மா, நீங்க ஜெபிச்சது முழுக்க அங்க கேட்டது."

பாதியில அந்த அம்மா கையைக் காட்டி நிப்பாட்டி, அது என்ன சத்தம், ஏதும் ஆபத்தோ எண்டு கேட்டாவாம். மகளுக்குப் பாடமாக்கினது எல்லாம் பறந்து போச்சாம். எனக்கு இடம் தரச் சொல்லி அம்மாவும் அன்ரிமாரும் ஜெபிக்கிறாங்க எண்டு உள்ளதைச் சொல்லிட்டாளாம். பிறகு என்னென்னவோ கதைச்சாளாம், என்ன கதைச்சன் எண்டு தனக்கே தெரியாதாம். ரூபி அக்கா கதிரையில இருந்து தலையில கை வச்சா. வீட்டுக்கு வந்து சேருக்குச் சொன்னம். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டு, "நான் சைபர் எண்டுதான் சொன்னன். நீங்க அதுக்கும் கீழ இறக்கிட்டீங்க" எண்டார்.

அந்தக் கிழமைகள் எப்படிப் போச்சு எண்டு எனக்குத்தான் தெரியும். மற்றவங்களிட பிள்ளைக்கு யூனிபோம் தைக்கேக்க, என்ட பிள்ளையின்ட வழியை நானே அடைச்சிட்டனே எண்டு நினைச்சு விரல்ல ஊசி ஏறும். ஆண்டவரோட கோவிச்சும் இருக்கிறன். உம்மிட்டத்தானே கேட்டம், நீர் எங்கட வாயையாவது மூடி வச்சிருக்கலாமே எண்டு நேராவே கேட்டன்.

டிசம்பர் மாசம், கரோல் போற நாட்கள். கெசியா பாடிப் பாடித் தொண்டை அடைச்சுப் போய் இருந்தாள். ஒரு நாள் விடிய நான் தேத்தண்ணி வச்சுக்கொண்டு நிக்க, பின்னால வந்து என்ட தோளில முகத்தை வச்சாள். சத்தம் வரல்ல. போனை மட்டும் நீட்டினாள். எனக்கு இங்கிலிஸ் அவ்வளவு ஓடாது, ஆனா அந்த முதல் சொல் விளங்கினது. கிடைச்சிட்டுது. முழுச் செலவும் அவங்கட. நான் வச்ச சத்தத்தில பக்கத்து வீட்டு நாய் குலைக்கத் தொடங்கிட்டுது. சேர் சாரம் கட்டினபடியே ஓடி வந்து, வாசிச்சார், திரும்ப வாசிச்சார், பிறகு கதவைப் பிடிச்சுக்கொண்டு அழுதார். அந்த மனிசன் அழுது நான் கண்டதே இல்லை.

ரெண்டு நாளால அந்தச் சிங்கப்பூர் அம்மா வாழ்த்துச் சொல்ல வீடியோவில வந்தா. என்னையும் கூப்பிட்டா. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, அவ சிரிச்சுப் போட்டு ஒண்டு சொன்னா. மகள் எனக்குத் தமிழ்ல சொன்னாள்:

"உங்கட மகளும் மற்றப் பிள்ளைகளைப் போல பாடமாக்கினதைத்தான் ஒப்புவிச்சுக்கொண்டு இருந்தாள். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் அவள் கதைக்கத் தொடங்கினாள்."

என்ன கதைச்சாளாம் தெரியுமா? அங்க ஜெபிக்கிற அன்ரிமாரில ஒருத்தி மீன் விக்கிறவ, ஒருத்தியின்ட மனிசன் இறால் பிடிக்கிறவர், அந்த வாவித் தண்ணி கெட்டால் இவங்கட அடுப்பு எரியாது, அதுக்குத்தான் தண்ணியைப் படிக்கப் போறன் எண்டு சொன்னாளாம். அதை அவளுக்கு ஒருத்தரும் எழுதிக் கொடுக்கல்ல.

நாங்க தடையை எடும் எண்டு கத்தினம். பாடமாக்கின அந்த மறுமொழிகள்தான் தடை எண்டு எங்களுக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரிஞ்சிருந்தது. எடுத்துப் போட்டார், எங்கட வாயை வச்சே எடுத்துப் போட்டார்.

சேர் இப்பவும் கணக்குச் சொல்லுறார். விடமாட்டார். ஆனா பிள்ளைகள் வாடிப் போய்த் திரும்பேக்க, "இது என்ட கணக்கு மட்டும்தான் பிள்ளை" எண்டு ஒரு சொல் சேர்த்துச் சொல்லி அனுப்புறார். சைபர் எண்ட சொல்லை அவர் வாயில இருந்து நான் பிறகு கேட்கல்ல.

போன கிழமை கெசியா அங்க இருந்து போன் எடுத்தாள். வகுப்பில முதல் சோதினையாம், பயமா இருக்காம். "அம்மா, வெள்ளிக்கிழமை ஜெபியுங்க. சத்தமா ஜெபியுங்க" எண்டாள்.

இங்கயும் தாய்மார் இருக்கிறீங்க. பிள்ளைக்கு வாய்ப்பு இருக்கா இல்லையா எண்டு கூட்டிக் கழிச்சு நித்திரை இல்லாம இருக்கிறீங்க எண்டு உங்கட முகத்தில தெரியுது. கணக்குப் பாருங்க, நான் வேண்டாம் எண்டு சொல்லல்ல. பார்த்து முடிச்சிட்டு ஆண்டவரிட்டக் குடுங்க. பின் வாங்கில பச்சைச் சீலையோட இருக்கிறவதான் ரூபி அக்கா, நான்தான் கூட்டிக்கொண்டு வந்தன். உங்கட பிள்ளையின்ட பேரை அவவிட்டச் சொல்லுங்க. மெதுவா எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லாதீங்க.