நரைமுடி மலையில் ஒரு ரயில்

அத்தான் தொடங்கி முடிக்கிற ஒரே காரியம் முடிவெட்டுவதுதான் என்று அக்கா எல்லோரிடமும் சொல்வாள். அதில் பொய் இல்லை. வீட்டின் முன்பகுதி முழுக்க சலூன். ஆண்களுக்கான நாற்காலி அத்தானுடையது. திரைக்கு அந்தப் பக்கம் பெண்களுக்கு, அது அக்காவின் ராஜ்ஜியம். நான் அவர்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறேன். பின்னால் சின்னத் தோட்டம், அதன் மூலையில் மரக்கொட்டகை. அத்தான் பாதியில் விட்டவையெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். கம்பி பூட்டாத கிட்டார், அடிப்பலகையோடு நின்றுபோன படகு, ஒரு தேனீகூட எட்டிப் பார்க்காத தேனீப்பெட்டி. கடைசியாக வந்து சேர்ந்தது ரயில்.

ரயிலுக்காகப் படகையும் பெட்டியையும் அவரே தூக்கி வெளியே போட்டபோதுதான் விஷயம் கொஞ்சம் முற்றியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. கொட்டகையை அடைத்துக்கொண்டு இடுப்புயரத்தில் ஒரு பெரிய பலகை. அதன்மேல் விரலகலத் தண்டவாளம் ஒரு சுற்று. சீப்பு நீளத்தில் ஒரு எஞ்சின், பின்னால் நான்கு பெட்டிகள். தெர்மாகோலைச் செதுக்கி ஒரு மலை, மலைக்குள் குகை, அடிவாரத்தில் ஸ்டேஷன். மலைக்குப் புல் வேண்டுமே! கடையில் விற்கிற பொடியைக் கையில் உதிர்த்துப் பார்த்துவிட்டு, "இதைப் புல்லுன்னு மாடுகூட நம்பாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். புல் அவர் காலடியிலேயே தினமும் விழுந்துகொண்டிருந்தது. வெட்டிய முடியைக் கழுவி, பச்சைச் சாயத்தில் ஊறவைத்து, உலர்த்தி, பொடியாக நறுக்கி, வெள்ளைப் பசை தடவிய மலைமேல் தூவினார். கருப்பு முடியில் பச்சை ஏறவில்லை. நரைமுடியோ தொட்டதும் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து நரைத்த தலைக்காரர்களுக்குக் கடையில் தனி மரியாதை.

"என் முடி எது வரைக்கும் வந்திருக்கு?" என்பார் தபால்காரர், போர்வையைப் போர்த்தியதும். அவருக்குப் பஞ்சு போன்ற தலை.

"குகை வாசலைத் தாண்டியாச்சுண்ணே. இன்னும் ஒரு வெட்டு வெட்டினா உச்சிதான்."

"அப்ப நான் செத்தாலும் மலையா நிப்பேன்னு சொல்லு."

"தலையை ஆட்டாதீங்க. மலை சரியுது."

மழைக்காலம் வந்தது. சலூன் துண்டுகள் காய்வதற்கு இடமில்லை. மாடிப்படிக் கைப்பிடி, சமையலறைக் கதவு என்று எங்கு பார்த்தாலும் ஈரத்துண்டு. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"என்னங்க, வர்ற லீவு நாள்ல உங்க ஆளுங்களைக் கூப்பிடுங்க. எல்லாரும் பாக்கறப்ப இந்த ரயில் நிக்காம ஒரு சுத்து வரணும். வந்தா கொட்டகை உங்களுக்கு. வரலைன்னா பலகையைக் கழட்டிட்டு, துண்டு காயப்போட நான் அங்க கொடி கட்டிடுவேன்."

"ஒரு சுத்தா? பத்து சுத்து வரும்."

"ஒண்ணு வரட்டும். உங்களை எனக்குத் தெரியாதா?"

அத்தான் சிரித்தார். ஆனால் அன்று மாலையே ஒருவருக்குக் கிருதாவை ஒரு பக்கம் மட்டும் காதுக்கு மேலே ஏற்றிவிட்டார்.

முந்தின நாள் ஓட்டிப் பார்த்தபோது ரயில் சமர்த்தாகச் சுற்றியது. விடுமுறையன்று தபால்காரர், பல் டாக்டர், இன்னும் நாலைந்து பேர் கொட்டகைக்குள் முழங்கையோடு முழங்கை இடிக்க நின்றார்கள். அக்கா வாசலில், கையைக் கட்டிக்கொண்டு. அத்தான் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, மலைமேல் தூசி படிந்திருப்பதாகத் தோன்றியதோ என்னவோ, ஹேர் டிரையரை எடுத்து இரண்டு பக்கமும் ஊதிவிட்டார். முடி வெட்டியதும் பிடரியில் ஊதிவிடுகிற அதே ஊதல். கைப்பழக்கம்! பசையில் சரியாக ஒட்டாத புல்லெல்லாம் பறந்து தண்டவாளத்தில் இறங்கியது.

ரயில் ஸ்டேஷனை விட்டுக் கம்பீரமாகக் கிளம்பி, குகைக்குள் நுழைந்தது. வெளியே வரவில்லை. அத்தான் கையை விட்டு இழுத்து, பின்னால் வைத்து மறுபடி ஓட்டினார். குகை வாசலிலேயே முனகி நின்றது. எஞ்சினைப் புரட்டிப் பார்த்தால் சக்கரங்களின் அச்சில் நூற்கண்டு போலப் பச்சை முடி.

பல் டாக்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னப்பா, எக்ஸ்பிரஸ்னு ஊரெல்லாம் சொன்னே. கூட்ஸ் வண்டிகூட இதைவிட வேகமாப் போகுமே! கொடியைக் கட்டச் சொல்லிடு."

அத்தான் காது சிவந்து தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

"டாக்டர், நீங்க எனக்குக் கட்டின பல்லு மறுவாரமே சோத்துல வந்துச்சு. அதை நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

"ஐயோ, நான் சும்மா விளையாட்டுக்கு..."

"இவரை நான் சொல்லலாம். வேற யாரும் சொல்லக் கூடாது. எல்லாரும் அப்படியே நில்லுங்க."

விறுவிறுவென்று உள்ளே போனவள், புருவம் எடுக்கிற இடுக்கியும் ஹேர் ஸ்ப்ரேயுமாக வந்தாள். ஸ்ப்ரேயைப் பார்த்ததுமே நான் பிளக்கைப் பிடுங்கி ஜன்னலையும் திறந்துவிட்டேன். ஸ்ப்ரே சட்டென்று பற்றிக்கொள்ளும்; தீ என்று நினைத்தாலே எனக்கு வேர்த்துவிடும். அக்கா எஞ்சினைத் திருப்பி மடியில் வைத்து, அச்சிலிருந்து ஒவ்வொரு முடியாக உருவினாள். கழுத்தில் சுற்றும் காகிதப் பட்டைகளைத் தண்டவாளத்தின்மேல் போர்த்தினாள். அப்புறம் மலையின் அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஸ்ப்ரே அடித்தாள்.

"பசையை மட்டும் நம்பிட்டீங்களா? முடியை அடக்கறதுக்கு என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சிரிப்பியே."

"சிரிச்சிட்டுச் சொல்லியிருப்பேன்."

காய்ந்ததும் பட்டைகளை எடுத்து, தண்டவாளத்தை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டாள். நான் கும்பிடாத குறையாகப் பிளக்கைச் சொருகினேன். ரயில் ஏறியது, குகைக்குள் மறைந்தது. எஞ்சின் மூக்கு அந்தப் பக்கம் தெரிந்ததும் முதலில் கைதட்டியது பல் டாக்டர். வண்டி வளைவில் சாய்ந்து இறங்கி ஸ்டேஷனைத் தொட்டது. அத்தான் ரயிலைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, சரி. கொட்டகை உங்களுக்கே. இப்ப நிறுத்துங்க, இன்னொரு தடவை நின்னு மானத்தை வாங்கிடப் போகுது."

மறுநாள் கொடி கட்டியாகிவிட்டது, என் அறையில். எனக்குச் சளி பிடித்திருக்கிறது.

அடுத்த வாரம் மருந்துக்கடைக்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பளபளவென்று வழுக்கை, வெட்டுவதற்கு ஒன்றுமில்லை.

"எல்லாரும் மலையில இருக்காங்க, நான் மட்டும் இல்லை," என்றார் மெல்ல. "தாடி வளர்த்திருக்கேன். பாதி நரைதான். ஒரு புதராவது வைக்கக் கூடாதா?"

அத்தான் தாடியைச் சீப்பால் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, புதருக்கு இடமிருக்கா?"

"குகைக்குப் பின்னாடி வைங்க," என்றது திரைக்கு அந்தப் பக்கம். "தண்டவாளத்துக்குத் தள்ளி. நான் வந்து பாத்துட்டுத்தான் ஒட்டணும்."