சிறுநாவல் பற்றையை வெட்டவிடாதவர்

கற்பிட்டிக் கரையில் வள்ளத்தை விட்டு இறங்கியபோது என் இடுப்பில் ஒரு வயது மகளும், கையில் அவளுடைய இரண்டு சட்டைகள் வைத்த பையும் இருந்தன. தொண்ணூறாம் ஆண்டு. மன்னாரில் முஸ்லிம்களான எங்களை ஆயுதம் ஏந்திய இயக்கத்தினர் வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள், வந்துவிட்டோம். அதைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது ஒரு புதர்ப் பற்றையைப் பற்றியும், அதை எங்களுக்காகக் காப்பாற்றிய ஒரு பெண்ணைப் பற்றியும்.

எத்தாளைப் பக்கத்து ஹாஜியார் ஒருவர் தன் தென்னந்தோட்டத்தில் எங்களுக்கு இடம் கொடுத்தார். கூரைக்குத் தென்னோலைக் கிடுகும் கம்பும் அவரே தந்தார். குடில்கள் எழும்பின. ஊர்ச்சனங்கள் சோறு சமைத்துக் கொண்டுவந்தார்கள். குடிக்க நல்ல கிணறு இருந்தது. மலசலகூடம் மட்டும் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஆண்கள் கடற்கரைப் பக்கம் போய் வந்தார்கள். நாங்கள் எங்கே போவது?

தோட்டத்தின் வடக்கு எல்லையில் சிறுநாவல் பற்றை ஒன்று நின்றது. நாவல் சாதிதான், ஆனால் பெரிய மரமாகாது. அடியிலிருந்தே கிளைவிட்டு, ஆளுயரத்துக்குமேல் வளர்ந்து, தடித்த பச்சை இலைகளோடு நெருங்கி நிற்கும். உள்ளே ஆள் இருந்தால் வெளியே தெரியாது. விடிவதற்கு முன் நாலைந்து பெண்களாகச் சேர்ந்து போவோம். ஒருத்தி வெளியே காவல் நிற்பாள். பிறகு பகல் முழுக்க அடக்கிக்கொண்டு இருப்போம். அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்தோம். இரண்டு பேருக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தன. காரணம் எங்களுக்குத் தெரியும், வெளியே சொல்லவில்லை.

சில மாதங்கள் போக அந்தப் பற்றை பூத்தது. கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. இதழ் கண்ணுக்கே தெரியாது, பஞ்சு நூல்போலக் கேசரம்தான் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். தேனீக்களின் இரைச்சல் குடில்வரை கேட்கும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவளுக்கு ஒரு பூவின் வாசம் பிடிக்கிறதே என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

அந்த நாளில்தான் என் கணவர் உற்சாகமாக வந்து சொன்னார்:

"நாளைக்குக் காலைல வடக்குப் பக்கத்துப் பத்தைய வெட்டப் போறம். புதுசா வந்த சனத்துக்கு ஆறு குடில் போடலாம். விறகுக்கும் ஆச்சு."

"அத வெட்ட வேணாம்," என்றேன்.

"ஏன்?"

கல்யாணமாகி மூன்று வருடம். அவரிடம்கூட எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. "பூத்திருக்கு," என்றேன். அவர் சிரித்தார். "ஊரே போயிட்டு. ஒனக்குப் பூவா?"

அன்று பின்னேரம் மகளைப் பக்கத்துக் குடிலில் விட்டுவிட்டு ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி, அக்கா முறையில் நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவர், குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதிரையைக் காட்டினார். நான் உட்காரவில்லை, அழுதுவிட்டேன்.

"என்ன தங்கச்சி, புள்ளைக்குச் சுகமில்லையா?"

சொன்னேன். தலையை நிமிர்த்தாமலே எல்லாவற்றையும் சொன்னேன். துருவும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"இவ்வளவு நாளும் அங்கயா போறீங்க?"

"ஓம் ராத்தா."

"எல்லாரும்?"

"எல்லாரும்தான்."

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ்! சோறு குடுத்தம், உடுப்புக் குடுத்தம். இத ஒருத்தரும் நினைக்கல்லயே. நானும் ஒரு பொம்பளதானே." பிறகு எழுந்து கையைக் கழுவினார். "நீங்க போங்க. ஒருத்தர்கிட்டயும் ஒண்டும் சொல்ல வேணாம். நான் பாத்துக்கிறன்."

மறுநாள் காலையில் ஆண்கள் கத்தியும் கோடரியுமாகப் பற்றையடிக்குப் போனார்கள். கோடரி என் கணவர் கையில். அப்போது ராத்தா வந்தார். ஆண்கள் கூடிய இடத்துக்கு ஒருநாளும் வராதவர், சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, அத்தனை பேரையும் கடந்து போய்ப் பற்றைக்கு முன்னால் நின்றார்.

"இதுல ஒருத்தரும் கத்தி வைக்கக் கூடாது."

ஹாஜியார் பின்னாலேயே ஓடி வந்தார். "ஏன் புள்ள, என்ன இது?"

"எனக்கு இந்தப் பழம் வேணும். ஊறுகாய் போடப் போறன்."

"இதுலயா? ஊறுகாயா?"

"ஓம். இதுலதான்."

சிறுநாவலில் ஊறுகாய் போட்டதை அந்த ஊரில் யாரும் கண்டதில்லை. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஹாஜியார் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு குடில் வாசல்களில் மூச்சுவிடாமல் நின்ற எங்களைப் பார்த்தார். சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி, இத விடுங்க. குடில் போட நான் கிழக்கால இடம் தாறன்," என்றார்.

இரண்டு கிழமைக்குள் மேசன்மார் வந்தார்கள். பற்றைக்குப் பின்னால் குழி தோண்டி, பெண்களுக்கென்று நான்கு மலசலகூடங்கள் கட்டினார்கள். யார் கேட்டது, ஏன் கட்டுகிறார்கள் என்று ஒரு பேச்சும் இல்லை. எங்களில் ஒருவருக்கும் யார் முன்னாலும் தலைகுனிய வேண்டி வரவில்லை. அந்த ராத்தா செய்தவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். முதல் நாள் கதவைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டுவிட்டு, உள்ளேயே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். வெளியே வந்து வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன்.

பழம் கறுத்ததும் அவர் கூடையோடு வந்தார். "சொன்ன சொல்லு பொய்யாகப்படாது," என்று எங்களோடு சேர்ந்து பறித்தார். பிள்ளைகளின் நாக்கெல்லாம் ஊதா. உப்பும் மிளகாயும் வினாகிரியும் போட்டு உண்மையாகவே ஊறுகாய் செய்து, குடில் குடிலாகக் கொடுத்தனுப்பினார். வாயில் வைக்க முடியாத துவர்ப்பு. நாங்கள் மிச்சம் வைக்காமல் தின்றோம்.

ஏழு வருடம் அந்தத் தோட்டத்தில் இருந்தோம். பிறகு கொஞ்சம் தள்ளி ஒரு துண்டுக் காணியில் சொந்தமாக வீடு கட்டினோம். அங்கே போன பிறகுதான் நடந்ததை என் கணவரிடம் சொன்னேன்.

"நான்தானே கோடரிய வச்சிருந்தன்," என்றார். "எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்ற?"

மறுநாள் மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்ததும், அன்று பட்டதில் பெரிய பாரை மீனை எடுத்துக்கொண்டு ஹாஜியார் வீட்டுக்குப் போனார். ராத்தாதான் வாசலுக்கு வந்து, "இது என்னத்துக்குத் தம்பி?" என்று கேட்டாராம்.

"சும்மாதான் ராத்தா எண்டு குடுத்துட்டு வந்துட்டன்," என்றார். கண் கலங்கியிருந்தது.