செடிகளுக்கு வரன் பார்ப்பவர்

கதவைத் தட்டிவிட்டுத்தான் தரகர் உள்ளே போவார். உள்ளே இருப்பவை தொட்டிச் செடிகள் மட்டுமே. ஆனாலும் தட்டுவார், ஒரு கனைப்புக் கனைப்பார், அப்புறம்தான் தாழ்ப்பாளை நீக்குவார். "திடுதிப்புன்னு நுழைஞ்சா, பேசிட்டிருந்ததை நிறுத்திடுதுங்க" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், கேட்கிறவர்களுக்குத்தான் பிடரி சில்லிடும்.

மனுஷர் கல்யாணத் தரகர் இல்லை. ஒரே ஒரு தீவில் மட்டும் முளைக்கிற, அழிந்துகொண்டிருக்கிற ஒரு செடியைக் கண்ணாடிக் குடிலில் வளர்த்துக் காப்பாற்றுவது அவர் உத்தியோகம். ஒரு செடியின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றின் பூவில் தடவுவார். பட்டப்பெயர் அப்படி வந்தது. அதிலும் மகா கறார். "பங்காளிக்குள்ள சம்பந்தம் பண்ணா வம்சம் விளங்குமா?" என்று கேட்டு, வெவ்வேறு குடும்பமாகப் பார்த்துத்தான் முடிச்சுப் போடுவார். "பெத்த பொண்ணுக்கு வரன் பார்க்கத் துப்பில்ல, செடிக்குப் பார்க்கிறாராம்" என்று மனைவி நொடிப்பார்.

இத்தனை கறாரான மனுஷர்தான் ஏமாந்தார். தீவின் சரிவு முழுக்க நின்ற செடிகளில் மூலைக்கொன்றாகத் தேடிக் குச்சி வெட்டி வந்து நட்டிருந்தார். வருஷக்கணக்காக ஜோடி சேர்த்தும் விதையெல்லாம் பொக்கு. கடைசியில் இலைகளை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஆய்வுக்கூடத்துப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், எல்லாம் ஒரே செடி. மண்ணுக்கடியில ஒரே வேர். சரிவு முழுக்க அதுதான் தலையை நீட்டிட்டு நின்னிருக்கு."

தரகர் தொட்டி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "கூட்டம்னு நினைச்சேனேம்மா... ஒருத்திதானா?"

அன்றிலிருந்து பார்க்கிறார்: ஒரு தொட்டியில் இலை பழுத்தால், எல்லாத் தொட்டியிலும் அதே இடத்து இலை பழுக்கிறது. ஒரு நோய் வந்தால் போதும், மொத்தமும் ஒன்றாகப் போய்விடும். அந்த நினைப்பில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு வேர் என்று தீவில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று, செங்குத்துப் பாறையின் விளிம்பில். நேற்று படகுக்காரர் அதன் மகரந்தத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவந்தார். "பத்திரமா பாத்துக்குங்கண்ணே. நான் கீழ இறங்கின கையோட பாறை சரிஞ்சு, செடி கடலுக்குள்ள போயிடுச்சு" என்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டியில் இருந்ததோ ஒரே ஒரு பூவுக்குத்தான் போதும்.

இன்று காலை உள்ளே போன தரகர் அப்படியே நின்றுவிட்டார். நேற்றுவரை மொட்டாக இருந்தவை எல்லாத் தொட்டிகளிலும் ஒருசேரப் பூத்திருந்தன. எல்லாப் பூவும் வாசலைப் பார்த்தபடி. ஓர் இலைகூட அசையவில்லை.

வாசலோரத் தொட்டியில் ஒரு பூவைத் தேர்ந்தெடுத்தார். "தாயே, பிடிச்சுக்கோ. இதை விட்டா உனக்கு வேற ஆளே கிடையாது" என்று முணுமுணுத்தபடி, பிரஷ்ஷில் இருந்ததைத் துளி சிந்தாமல் தடவி முடித்தார்.

நிமிர்ந்தார். மற்ற பூக்களெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

தரகர் பிரஷ்ஷை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.