அந்தப் பக்கத்துக் கைப்பிடி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நான் சாப்பிட்டு மூடிய டிபன் பாக்ஸைப் பக்கத்திலிருந்த பெண் கேட்டு வாங்கினாள். கவிழ்த்து அடியைப் பார்த்தாள். அவள் விரல்களில் காய்ந்த பசை தோலாக உரிந்துகொண்டிருந்தது.

"இன்னாம்மா பாக்கற?"

"அடியப் பாத்தாதான்க்கா எப்படி செஞ்சாங்கன்னு தெரியும். பழக்கமாயிடுச்சு."

வெளியூரில் ப்ராடக்ட் டிசைன் படிக்கிறாளாம்.

"எங்க ஊர்ல டிசைன்னாலே ஜாக்கெட்டுதான்க்கா. துணிய எடுத்துக்கினு வந்துடறாங்க. சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு, இப்ப அளவும் எடுக்கறேன்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அவள் காலடியில், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ஸ்ட்ரெச்சர் மாதிரி ஒன்று கிடந்தது. உர மூட்டையை இரண்டு பேர் சேர்ந்து தூக்குவதற்காக அவளே செய்தது. லீவு முடிந்ததும் காலேஜில் காட்ட வேண்டும்.

"செத்த அந்தப் பக்கம் புடிக்கிறீங்களாக்கா? என் பக்கம் எப்படி இருக்குன்னுதான் எனக்குத் தெரியும்."

அவள் பையையே மூட்டையாக வைத்து, பிளாட்பாரக் கடைசிவரை தூக்கிப் போனோம். ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. அவளோ திரும்பித் திரும்பி, "கை வலிக்குதாக்கா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.

"கட்டவெரல்ல கொஞ்சம் அழுத்துது."

"அழுத்துதா!" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இதச் சொல்றதுக்குத்தான்க்கா ஆளே இல்ல."

இரண்டு பேரும் ஏறிய கச்சிராயபாளையம் பஸ்ஸில் எனக்கு முன்பே இறங்கினாள். சுற்றிலும் கரும்பு, நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை. அந்த ஸ்ட்ரெச்சரை இறக்கிக் கொடுக்கக் கூடவே படிவரை போனேன். கீழே அவள் தன் பக்கத்தைப் பிடித்திருந்தாள், படியில் நான் என் பக்கத்தை. கண்டக்டர் விசில் ஊதினார்.

விட்டேன்.