இருட்டாக இருக்க வேண்டிய குப்பி

என் அக்கா ஆறு வருடமாக ஒரு மூலக்கூறோடு குடித்தனம் நடத்தினாள். கல்யாணம் நடுவில் வந்தது. அக்கா புருஷன் இரண்டாவது ஆள்தான், அது அவருக்கும் தெரியும். மூலக்கூறின் பெயர் நாற்பத்தேழு. அதற்கு முன்னால் செய்த நாற்பத்தாறும் உருப்படவில்லை. சில துத்தநாகத்தைக் கண்டாலும் ஒளிர்ந்தன, சில கண்டதற்கெல்லாம் ஒளிர்ந்தன, சில எதற்கும் அசையாமல் கிடந்தன, வகுப்பில் நான் கிடந்த மாதிரி. நாற்பத்தேழு மட்டும் ஈயத்துக்கு மட்டுமே வாய் திறக்கும். துளியூண்டு ஈயம் இருந்தாலும் போதும், ஊதா விளக்கின் கீழே வைத்தால் பச்சையாக மின்னும். ஈயம் இல்லாவிட்டால் இருட்டு. நான் இதை மூன்று வரியில் சொல்லிவிட்டேன். அக்காவின் ஆய்வேட்டுக்கு இருநூறு பக்கம் ஆனது.

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. மூன்றாவது தடவை தங்கிய பிறகு, அவளைப் பைக்கில் கல்லூரியில் விட்டுக் கூட்டி வருவது என் பொறுப்பு ஆனது. ஒன்பதாவதில் மூன்று தடவை உட்கார்ந்து, பிறகு எழுந்து வந்துவிட்ட எனக்குக் கல்லூரி வாசலைப் பார்க்கிற யோகம் அப்படித்தான் கிடைத்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் முதுகில் ஒரு குத்து விழும்.

"மெதுவாடா. உள்ள ஆள் இருக்கு."

"ஆள் ஒண்ணும் சொல்லலையே, நீதானே கத்துற."

அவளுடைய லேப் ஒரு நீள அறை. சுவர் ஓரமாகப் புகை இழுக்கிற கூண்டு ஒன்று நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். மூலையில் கறுப்பு அடித்த அட்டைப்பெட்டி. அதற்குள் ஊதா விளக்கு, முன்பக்கம் ஒற்றைக் கண் வைத்துப் பார்க்க ஓட்டை. ஒளியை அளந்து எண்ணாகச் சொல்கிற பெரிய மெஷின் வேறு கட்டிடத்தில் இருந்தது, அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். அதனால் அக்கா முதலில் பெட்டியில் பார்ப்பாள். குப்பிகளை எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். வீட்டில் பாத்திரங்களைத் தூக்கிப் போடுகிறவளா இவள் என்று இருக்கும்.

கடைசி அத்தியாயத்துக்கு மனிதர்களிடமிருந்து மாதிரி எடுக்க வேண்டும் என்றார் அவளுடைய கைடு. பழைய பேட்டரி உடைக்கிற பட்டறையில் வேலை செய்யும் இருபது பேரின் சிறுநீர் வந்தது. மூத்திரத்தை டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு டாக்டர் பட்டமா என்று கேட்டு நான் ஒரு குட்டு வாங்கினேன். இருபது குப்பிகளோடு, ஈயமே படாத ஒருவரின் குப்பி ஒன்றும் வேண்டும். அதை பிளாங்க் என்றார்கள். அது இருட்டாக இருந்தால்தான் மற்றவை ஒளிர்வதற்கு அர்த்தம். வெளியில் யாரையும் தேடிப் போகாமல் அக்கா தன்னுடையதையே வைத்தாள்.

"என்னைவிடச் சுத்தமான ஆள் யாருடா? ஒரு நாளைக்கு முப்பது தடவை கை கழுவுறேன்."

பிளாங்க் பச்சையாக மின்னியது.

முதல் நாள் அவள் சிரித்தாள். குப்பி அழுக்கு என்றாள். கண்ணாடியை இரண்டு நாள் அமிலத்தில் ஊறப்போட்டாள். பச்சை. தண்ணீரை மாற்றினாள், கையுறையை மாற்றினாள், கண்ணாடியே வேண்டாம் என்று பிளாஸ்டிக் வாங்கினாள். பச்சை. குழாயின் பித்தளை மூக்கில் ஈயம் இருக்கும் என்று அந்தக் குழாய்ப் பக்கமே போகாமல் மாடியேறி வேறு தண்ணீர் பிடித்தாள், ஏழாம் மாத வயிற்றோடு. கைடு எட்டிப் பார்த்து, "குப்பிய ஒழுங்கா கழுவும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று வாரம் அவள் அந்த அறையில் இருந்த எல்லாவற்றின் மேலும் சந்தேகப்பட்டாள். மாற்றாமல் மீதியிருந்தது ஒன்றே ஒன்று.

அதற்குப் பதிலாக அவள் என்னைச் சந்தேகப்பட்டாள். அதற்கு நியாயம் இருந்தது. போன வருடம் அவளுடைய குப்பி ஒன்றில் நான் ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு வைத்திருந்தேன். அது ஊதா விளக்கில் ஜொலித்ததைப் பார்த்து அவள் கைடைக் கூப்பிட ஓடி, பாதி வழியில் உண்மை புரிந்து திரும்பி வந்து, பதினொரு நாள் என்னோடு பேசவில்லை.

அன்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது.

"இங்க வா. திட்ட மாட்டேன். இதுல ஏதாவது கலந்தியா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று ஒருத்தி ஆசைப்பட்டாள். கண்ணில் அது அப்படியே தெரிந்தது.

"ஆமாக்கா. நான்தான்."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும். சும்மா, உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்க."

"என்ன கலந்த?"

"சோப்புத்தூள்தான். வேற என்ன இருக்கு என்கிட்ட?"

அவள் முகம் ஒரு நொடி விரிந்தது. அப்படி ஒரு நிம்மதியை அவளிடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பிறகு மெல்லக் குப்பியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து, ஓட்டையில் கண் வைத்து, வெகுநேரம் நின்றாள்.

"சோப்புத்தூள் நீலமாத்தான்டா இருக்கும்" என்றாள், திரும்பாமலே. "இது பச்சை."

நான் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"பொய்ய நல்லாத்தான் சொன்ன."

லேப்பிலேயே ஈயத்தைத் தொட்டு உடம்பில் ஏறியிருக்கும் என்றார் கைடு. அக்கா அதையும் சோதித்தாள். வெறும் குப்பி ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"நீ இங்க எதையாவது தொட்டிருக்கியா?"

"தொட்டா கைய ஒடிப்பேன்னு சொல்லியிருக்கியே."

"அதான். போய் நிரப்பிட்டு வா."

அக்கா புருஷனிடமும் ஒன்று வாங்கினாள். அவருடையது கும்மிருட்டு. "மாமா, உங்ககிட்ட ஒண்ணுமே இல்லைன்னு ஆராய்ச்சி சொல்லுது" என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஏனென்றால் அடுத்து வைத்தது என்னுடையதை. அந்த வெளிச்சத்தில் செய்தித்தாள் படிக்கலாம் போலிருந்தது. மருத்துவமனையில் எனக்கும் அக்காவுக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

எங்கள் அப்பா பன்னிரண்டு வருடம் வீட்டுக் கொல்லையில் பழைய பேட்டரி உடைத்தவர். தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டு, செங்கல் அடுப்பில் உருக்கி, கட்டியாக வார்ப்பார். உலகத்திலேயே அழகான உலோகம் அதுதான் என்று நினைத்துக்கொண்டு நானும் அக்காவும் அந்தக் கட்டிகளை வைத்து வீடு கட்டி விளையாடினோம். நான் சிலவற்றை வாயிலும் போட்டிருக்கிறேன், லேசாக இனிக்கும். இப்போது இல்லாத அம்மா, அப்போது அப்பாவின் சட்டையை எங்கள் பள்ளிச் சீருடையோடு ஒரே வாளியில் ஊறவைப்பாள். அந்த அடுப்பு எரிந்துதான் அக்கா கல்லூரி வரை போனாள்.

எலும்புக்கு ஈயத்துக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் வித்தியாசம் தெரியாதாம். வந்ததை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும், இருபது முப்பது வருடம் கூட. வயிற்றுப் பிள்ளைக்கு எலும்பு கட்ட அம்மாவின் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும்போது, ஈயமும் கூடவே கிளம்பிப் போகும். டாக்டர் கால்சியம் மாத்திரை கொடுத்தார். ஈயத்தை வெளியே இழுக்கிற மருந்தைப் பிள்ளை பெறும் வரை கொடுக்க முடியாது என்றார். அன்று திரும்பும்போது வேகத்தடையில் முதுகில் குத்து விழவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"உன்னை மரமண்டைன்னு கூப்பிட்டேன்ல" என்றாள் பின்னாலிருந்து.

"வாத்தியார் வச்ச பேரு. நீ தெரு முழுக்கப் பரப்பின, அவ்வளவுதான்."

"சின்ன வயசுல ஈயம் ஏறினா படிப்பு ஏறாதுடா. அது நீ இல்ல."

"அப்ப ஒன்பதாவது மார்க்கையெல்லாம் ஈயத்துக்கிட்டயே கொடுத்துடச் சொல்லு."

அவள் என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. நான் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன், சாலையில் யாருமே இல்லாதபோதும்.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். அவரே ஒரு நாள் மருத்துவமனைக்கு வந்தார். "முன்னாடி என்ன தொழில் செஞ்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். பதில் சொல்லிக்கொண்டே வந்த அப்பா பாதியில் நிறுத்திவிட்டார். பேட்டரியை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது, இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலை. ஆனால் அன்றிலிருந்து அவர் கை கழுவ ஆரம்பித்தார். கழுவிவிட்டுத் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார்.

பிள்ளை ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிட்டான். இரண்டு கிலோகூட இல்லை. குரல் மட்டும் நான்கு கிலோ. அக்கா அவனுடைய சிறுநீரையும் பார்க்க வேண்டும் என்றாள். அதைப் பிடிக்கிற வேலை தாய்மாமன் தலையில் விழுந்தது. முதல் இரண்டு தடவை என் சட்டையில் போனான். மூன்றாவது தடவைதான் அதற்கென்று ஒட்டிவைத்த பிளாஸ்டிக் பையில்.

இருபதாவது நாள் அக்கா லேப்புக்கு வந்தாள். பிள்ளையின் குப்பியில் நாற்பத்தேழு ஒரு சொட்டு விட்டு, அதைப் பெட்டிக்குள் வைத்து, விளக்கைப் போட்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ பாத்துச் சொல்லு."

"நானா? நான் சொன்னா நம்புவியா?"

"சொல்லுடா."

ஓட்டையில் கண்ணை வைத்தேன். இருட்டு என்கிற சொல் நாக்கில் தயாராக இருந்தது. மெஷினில் எண் வருகிற வரைக்கும் அரை மணி நேரம் அவள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். போன தடவை அவள் முகம் விரிந்ததும் பிறகு சுருங்கியதும் ஞாபகம் வந்தது.

"பச்சைதான்க்கா."

"எவ்வளவு?"

"உன்னோடதவிட கம்மி. என்னோடதவிட ரொம்பக் கம்மி."

அவள் வந்து தானும் பார்த்தாள். நோட்டைத் திறந்து தேதி எழுதினாள். வயது என்ற இடத்தில் இருபது நாள் என்று எழுதும்போது பேனா நின்றது. பிறகு அடுத்த கட்டத்தை நிரப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசல் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். இருபது நாளாக அவர் பேரனைத் தூக்கவே இல்லை. எங்கள் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் சோப்பை எடுத்தார். அக்கா உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கையில ஒண்ணுமில்லப்பா" என்றாள். "இருக்கிறதெல்லாம் எங்க உள்ளதான் இருக்கு. பிடிங்க."

அப்பா ஈரக் கைகளைச் சட்டையில் துடைக்கப் போனார். பிறகு சட்டையைப் பார்த்தார். கைகளைக் காற்றிலேயே உதறிவிட்டு, முழங்கைகளால் பிள்ளையை வாங்கிக்கொண்டார்.